மிளகை எந்தக் கானில் எடுத்தாய்?

கூடைக்குள் இருப்பது பூனைக்குட்டி இல்லை என்று ஜெயந்தினிக்குத் தெரிந்தபோது, சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி.

அதுவரை அது பூனைக்குட்டிதான். பெயர்கூட வைத்தாயிற்று. உடம்பெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் பொட்டு இருந்ததால், தம்பி திலக்‌ஷன் அதற்கு 'மிளகு' என்று பெயர் வைத்தான். திலக்‌ஷனுக்கு ஐந்து வயது. அதற்கு முன் அவன் பெயர் வைத்தது, தன் காலில் ஏறிய ஓர் அட்டைக்கு.

நடந்தது இதுதான். அன்று பள்ளிக்கூடம் இல்லை. ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு, ஜெயந்தினி போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோனாள். அவள் போய்ச் சேர்ந்த நேரம் மலையில் ஒருவரும் இல்லை. எடுத்த கொழுந்தை நிறுப்பதற்காகப் பெண்கள் எல்லாரும் ரோட்டோரத் தராசடிக்கு இறங்கிப் போயிருந்தார்கள். அம்மாவைத் தேடித் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சத்தம் ஒரு கானுக்குள் இருந்து வந்தது. மழைத்தண்ணீர் ஓடுவதற்காகச் செடிகளுக்கு நடுவே வெட்டிவிட்டிருக்கும் வாய்க்காலைத்தான் மலையில் கான் என்பார்கள். எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். தாய்ப்பூனை வரவில்லை. பனிமூட்டம்தான் வந்தது. பாவமாக இருந்தது. சுவெட்டரைக் கழற்றிக் குட்டியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாள். தேத்தண்ணிப் போத்தலும் அவளுடனேயே திரும்பி வந்துவிட்டது.

வீட்டில் பழைய கொழுந்துக் கூடை ஒன்று இருந்தது. அதற்குள் அப்பா உடுத்துக் கிழிந்த சாரத்தை விரித்துக் குட்டியைப் படுக்க வைத்து, கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். தீபாவளிக்கு அவர் வந்து சாரத்தைத் தேடுவதற்குள் துவைத்து வைத்துவிடலாம்.

லயத்தில் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும்; இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே ஒரு சுவர். பக்கத்து வீட்டு வீரம்மா அத்தை சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டார்:

"என்னடி அங்க சத்தம்?"

"பூனைக்குட்டி அத்தை."

"பூனையா? ஆஸ்துமாக்காரன் மாதிரில்ல இழுக்குது!"

ஜெயந்தினி அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

இரண்டு மணிக்குத் தண்ணீர் எடுக்க, வாளியோடும் தம்பியோடும் பீலிக்குப் போனாள். மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வந்து கொட்டும் இடம்தான் பீலி. அதற்குக் கொஞ்சம் கீழே, தண்ணீர் வழிந்தோடும் இடத்தில் ஷாமிலா மிஸ் குந்தியிருந்தார்.

தோட்டத்தில் அவரை எல்லாரும் 'புலி மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். பூண்டுலோயாப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது பல்கலைக்கழகத்தில் இருந்து வந்து, புலிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். ஏழு மாதமாக இந்த மலைகளில் ஏறி இறங்குகிறார். இதுவரை ஒரு புலியைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. அதைச் சொல்லித் தோட்டமே அவரைக் கேலி பண்ணும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அன்று அவர் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, தேத்தண்ணி வடிகட்டும் வடி ஒன்றில் எதையோ போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மிஸ், அது என்ன?" என்று திலக்‌ஷன் கேட்டான்.

"புலியோட எச்சம்."

திலக்‌ஷன் ஒரு நொடி யோசித்தான். "புலிக் கக்காவா!" என்று சந்தோஷமாகக் கத்தினான்.

"கக்காதான். இதைக் கழுவினா புலி என்ன தின்னுச்சுன்னு தெரியும். இங்க பாரு." மிஸ் ஒரு சின்ன இடுக்கியால் விறைப்பான கறுப்பு மயிர் ஒன்றை எடுத்துக் காட்டினார். "இது காட்டுப் பன்னி மயிரு. இது முள்ளம்பன்னி முள்ளு, உடைஞ்சு கிடக்கு. பாவம், விழுங்குறப்போ குத்தியிருக்கும்."

"புலியைப் பாக்காமலே எப்படி மிஸ் ஆராய்ச்சி பண்றீங்க?" என்று ஜெயந்தினி கேட்டாள்.

"அது நடந்த தடம் இருக்கும். மரத்துல நகம் தீட்டின கீறல் இருக்கும். 'இது என்னோட இடம்'னு சொல்ற மாதிரி, பின்னங்காலால மண்ணைப் பறிச்சு வச்சிருக்கும். எல்லாத்தையும் விட்டுட்டுப் போகும். ஆளு மட்டும் முகத்தைக் காட்டாது."

"வரி வரியா இருக்குமே, அந்தப் புலியா?"

"அந்தப் புலி நம்ம நாட்டுல இல்லம்மா. இது சிறுத்தை, பொட்டுப் பொட்டா இருக்கும். நம்ம ஆளுங்க அதையும் புலின்னுதான் சொல்லுவாங்க."

"எங்க மிளகுக்கும் பொட்டு இருக்கு!" என்றான் திலக்‌ஷன்.

"யாரு மிளகு?"

"எங்க பூனைக்குட்டி."

மிஸ் சிரித்தார். கையுறையைக் கழற்றிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். "புலிக்குட்டி எப்படி இருக்கும்னு பாக்குறியா? இது வேற இடத்துல எடுத்த படம்."

ஜெயந்தினியும் பார்த்தாள். சாம்பல் நிற ரோமம். கலங்கிய மாதிரிக் கறுப்புப் பொட்டுகள். உருண்டைக் காது. நீலமும் சாம்பலுமாகக் கண்.

வாளி நிரம்பி வழிந்தது. அவள் கவனிக்கவில்லை. அவள் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே இருப்பதும் இதுதான்.

"மிஸ்," என்றாள் மெதுவாக. "ஒரு ஆளு தெரியாம ஒரு புலிக்குட்டியைத் தூக்கிட்டு வந்துட்டா, அந்த ஆளைப் போலீஸ் பிடிக்குமா?"

மிஸ் தொலைபேசியைக் கீழே இறக்கினார்.

"அந்த ஆளு எத்தனையாந்தரம் படிக்குது?"

"அஞ்சாந்தரம்."

மிஸ் வடியையும் இடுக்கியையும் பையில் போட்டார். அவர் முகம் மாறிவிட்டது. "வா, போவோம். ஓடாத, ஆளுங்க பாப்பாங்க. வேகமா நட."

வீட்டில் கூடையைத் திறந்ததும் குட்டி சீறியது. சீறிய வேகத்தில் தானே தடுமாறி விழுந்தது. மிஸ் புதிய கையுறை போட்டுக்கொண்டு அதைத் தொட்டுப் பார்த்தார்.

"காயம் ஒண்ணும் இல்ல. ஆனா பசியில இருக்கு. ஏதும் குடுத்தியா?"

"மாப்பால் கரைச்சுக் குடுத்தேன். குடிக்கல."

"நான் டின்மீன் குடுத்தேன்," என்றான் திலக்‌ஷன். "அதுவும் சாப்பிடல. அதனால நான் சாப்பிட்டேன்."

மிஸ் வாசலுக்குப் போய், வனவிலங்கு அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்து, குரலைத் தாழ்த்திச் சிங்களத்தில் பேசினார். 'ஹரி சேர், ஹரி சேர்' என்று அவர் சரி சொன்னது மட்டும் ஜெயந்தினிக்குக் கேட்டது. திரும்பி வந்து அவள் முன்னால் குந்திக்கொண்டார்.

"சேர் ஹட்டன் பக்கம் இருக்காரு. வந்து சேர இருட்டிரும். அதுக்கு முன்னாடி, எடுத்த இடத்துலயே குட்டியைக் கொண்டுபோய் வைக்கச் சொல்றாரு. தாய் பொழுது சாயத்தான் வரும்."

"ஏழாம் நம்பர் மலையில எங்கயாவது வச்சா கண்டுபிடிக்காதா மிஸ்?"

"தாய் விட்டுட்டுப் போன இடத்துக்குத்தான் வரும். அங்க இல்லேன்னா தேடும். தேடிக்கிட்டே லயத்துப் பக்கம் வந்துட்டா? நம்ம ஆளுங்க கத்தி, கம்பைத் தூக்கிடுவாங்க. அதுவும் பயந்து போயிருக்கும், இவங்களும் பயந்து போயிருப்பாங்க. அப்புறம் யாருக்கு என்ன ஆகும்னே சொல்ல முடியாது." மிஸ் கூடையைப் பார்த்தார். "தாய் வராட்டி இது பிழைக்காது ஜெயந்தினி. சொல்லு, மிளகை எந்தக் கான்ல எடுத்த?"

ஏழாம் நம்பர் மலையில் எத்தனை கான்கள் இருக்கின்றன என்று ஜெயந்தினிக்குத் தெரியாது. நூறு இருக்கலாம். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

திலக்‌ஷனை வீரம்மா அத்தை வீட்டில் டீவி பார்க்க விட்டார்கள். "ஒண்ணும் சொல்லக் கூடாது, தெரியுதா?" என்று ஜெயந்தினி அவன் காதில் சொன்னாள்.

"புலின்னு சொல்லவே மாட்டேன்!" என்று அவன் உரக்கச் சத்தியம் பண்ணினான்.

நல்ல வேளை, டீவியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

மலை ரோட்டில் ஏறும்போது கூடையை மிஸ் தூக்கிக்கொண்டார். சவுக்கு மரத்தடியில், சேறு காய்ந்த இடத்தில், அவர் சட்டென்று நின்றார். "இங்க பாரு. அவ நடந்திருக்கா."

சேற்றில் ஒரு தடம் இருந்தது. நான்கு விரல், பின்னால் ஒரு பெரிய மெத்தை.

"நாய் இல்லையா மிஸ்?"

"நாய்னா நகமும் சேத்துல பதியும். இது நகத்தை உள்ள இழுத்து வச்சுக்கிட்டு நடக்கும். தடம் சின்னதா இருக்கு, அதனால பொம்பளைப் புலியாத்தான் இருக்கும். ஏழு மாசமா இவ பின்னாடிதான் நடக்கிறேன். எங்க தண்ணி குடிப்பா, எங்க நகம் தீட்டுவா, எல்லாம் எனக்குத் தெரியும். நேத்து ராத்திரி இப்படித்தான் மேல போயிருக்கா."

ஜெயந்தினிக்குத் தெம்பு வந்தது. தடத்தைப் பிடித்துக்கொண்டே போனால் கானுக்குப் போய்விடலாமே!

ஆனால் ரோட்டை விட்டுத் தேயிலைக்குள் இறங்கியதும் தெம்பு போய்விட்டது. அங்கே மண் முழுக்கக் கால்தடம். சப்பாத்துத் தடம், செருப்புத் தடம், வெறுங்கால் தடம். காலையில் முப்பது பெண்கள் நடந்த மலை அது. புலி நடந்திருந்தாலும் அதன் மேல் முப்பது பேர் மிதித்திருந்தார்கள்.

ஒரு கான். அடுத்த கான். அதற்கு அடுத்த கான். "இதுவா?" "தெரியல மிஸ்." "இதுவா?" "இந்த மாதிரித்தான் இருந்துச்சு. ஆனா அதுவும் இந்த மாதிரித்தான் இருக்கு."

முக்கால் மணி நேரம் போனது. பனிமூட்டம் மேலிருந்து இறங்கத் தொடங்கியது. கூடைக்குள் கத்தல் குறைந்துகொண்டே வந்தது. கத்தும்போது ஜெயந்தினிக்குப் பயமாக இருந்தது. கத்தாதபோது இன்னும் பயமாக இருந்தது.

மிஸ் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். "எங்கம்மா முப்பது வருஷம் கொழுந்தெடுத்தாங்க. நான் ஒரு நாள்கூடக் கொழுந்தெடுக்கப் போனதில்ல. புலித் தடம் பாக்கத் தெரியும் எனக்கு. இந்த மலையைப் பாக்கத் தெரியல."

ஜெயந்தினி செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மனத்தில் வந்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் நினைத்தாள்.

"மிஸ்... செடியைப் பாத்து, யார் கொழுந்தெடுத்தாங்கன்னு சொல்ற ஆளு ஒருத்தங்க இருக்காங்க."

"யாரு?"

"எங்கம்மா."

அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டம். அம்மாவுக்கு உலகத்தில் புலியை விடப் பயமானது ஒன்றும் கிடையாது. போன வருடம் மேல் லயத்தில் ஒரு நாயைப் புலி தூக்கிக்கொண்டு போனதில் இருந்து, ஒரு மாதம் கதவுக்கு அண்டையாக அரிசிப் பீப்பாயை உருட்டி வைத்துவிட்டுத்தான் படுத்தார். கானுக்குள் கை விடாதே, பாம்பு கிடக்கும் என்று ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். அம்மா கத்தினால் பக்கத்தில் இருக்கும் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். பிறகு தோட்டமே கம்போடு மலையேறும்.

"நீ சொல்றியா? இல்ல நான் சொல்லவா?" என்று மிஸ் கேட்டார்.

"நானே சொல்றேன். நான்தானே எடுத்தேன்."

மத்தியானத்துக்குப் பிறகு பெண்கள் கீழே ஒன்பதாம் நம்பர் மலையில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெயந்தினி ஓடினாள். இரண்டு முறை வழுக்கி விழுந்து எழுந்தாள். அம்மா மீனம்மாவின் சிவப்புத் துண்டு தெரிந்தது. கிட்டப் போய், அம்மாவின் கழுத்தைக் கட்டிக் காதோடு காதாக எல்லாவற்றையும் சொன்னாள். புலி என்ற சொல்லை மட்டும் மூச்சை விட மெதுவாகச் சொன்னாள்.

மீனம்மாவின் கை கொழுந்தின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

அவர் கத்தவில்லை. ஜெயந்தினியின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டைக் கையைத் தூக்கி முழங்கை வரை பார்த்தார். கழுத்தைப் பார்த்தார்.

"கீறிச்சா? கடிச்சிச்சா?"

"இல்லம்மா."

"நீ எடுக்குற நேரம் தாய் வந்திருந்தா?" அம்மா அவள் கையை விடவில்லை. "வந்திருந்தா நான் என்னடி பண்ணியிருப்பேன்?"

ஜெயந்தினிக்கு அழுகை வந்துவிட்டது. "திட்டணும்னா அப்புறமா திட்டுங்கம்மா. இப்ப வாங்கம்மா. அது கத்தக்கூட மாட்டேங்குதும்மா."

மீனம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலையை மேற்பார்க்கும் கங்காணியைக் கூப்பிட்டார்.

"செல்லசாமி அண்ணே, பிள்ளைக்கு ஒரு அவசரம். போயிட்டு வந்துர்றேன்."

"நேரம் நாலாகுது மீனம்மா. கடைசி நிறுவைக்கு வராட்டி நான் என்ன எழுதுறது?"

"எடுத்தது வரைக்கும் எழுதுங்க," என்று சொல்லிவிட்டு, கூடையை அங்கேயே இறக்கி வைத்தார். கொழுந்து அதில் பாதிதான் இருந்தது. அவர் ஒரு நாளும் அப்படிப் போனதில்லை. கங்காணி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏழாம் நம்பர் மலையில் மிஸ் கூடைத் துணியை விலக்கிக் காட்டினார். மீனம்மா இரண்டடி பின்வாங்கினார். குட்டி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. ஒரு முறை மெல்ல இழுத்துக் கத்தியது.

"பச்சைப் பிள்ளையா இருக்கே," என்றார் மீனம்மா. பிறகு திரும்பி மலையைப் பார்த்தார். "நிறுவைக்குப் போயிருந்தப்பதானே வந்த? என்னைத் தேடிக்கிட்டு?"

"ஆமாம்மா."

"அப்ப நான் எடுத்த செடி நிரையைப் பிடிச்சுத்தான் நடந்திருப்ப. வா."

அவர் செடிகளைத் தொட்டுத் தொட்டு நடந்தார். "இது ரோகினி எடுத்த நிரை. பாருங்க மிஸ், மட்டத்துக்குக் கீழயும் கையை விட்டுப் பிடுங்கியிருக்கா. கங்காணி ஏசாத நாளில்ல. இது யாரோ புதுப் பிள்ளை, பாதிக் கொழுந்தை விட்டுட்டுப் போயிருக்கு." மூன்று நிரை தாண்டி நின்றார். "இது நான் எடுத்தது."

"எப்படிக்கா சொல்றீங்க?" மிஸ்ஸின் கண் விரிந்துவிட்டது.

"முத்தின இலையும் சேந்து வந்துட்டா, கிள்ளி எறிஞ்சுட்டுத்தான் கூடையில போடணும். மத்தவங்க செடி மேலயே போட்டுருவாங்க. நான் கானுக்குள்ளதான் போடுவேன். அங்க பாருங்க."

கானுக்குள் முற்றிய இலைகள் கிடந்தன. இங்கே ஒன்று, கொஞ்சம் தள்ளி இரண்டு, அதற்கும் மேலே ஒன்று. மலை மேல் நோக்கி அவை போய்க்கொண்டே இருந்தன.

"தடம்!" என்றாள் ஜெயந்தினி. "மிஸ், அம்மாவோட தடம்!"

மூன்று பேரும் அதைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு வளைவு தாண்டினார்கள். ஒரு பாறை தாண்டினார்கள். திடீரென்று இலை இல்லை. கான் சுத்தமாகக் கிடந்தது.

"இந்த இடத்துலதான் நிறுவைக்குக் கூப்பிட்டாங்க," என்றார் மீனம்மா. "திரும்பி வந்ததும் கங்காணி என்னைக் கீழ் நிரைக்கு அனுப்பிட்டாரு. மிச்சத்தை ரோகினிதான் எடுத்தா."

ஜெயந்தினி இன்னும் நான்கு செடி தாண்டி நடந்தாள். கானின் ஓரம் இடிந்து, தேயிலை வேருக்குக் கீழே ஒரு பொந்து. பொந்துக்கு மேலே கொத்தாகப் பன்னை என்னும் பெரணி இலை.

"இதுதான்," என்றாள். "இதேதான் மிஸ்!"

"அவசரப்படாத. நிச்சயமா பாத்துருவோம்." மிஸ் முழங்காலில் இருந்து பொந்துக்குள் எட்டிப் பார்த்தார். புல் வட்டமாக அழுந்தியிருந்தது. ஒரு புல்லில் இருந்து இரண்டு மூன்று சாம்பல் ரோமங்களை எடுத்து, குட்டியின் முதுகோடு வைத்துப் பார்த்தார். "அதேதான்! வேற எங்கயோ இருந்து குட்டிங்களை இடம் மாத்திக்கிட்டு இருந்திருக்கா. பொம்பளைங்க வந்த சத்தத்துல இதை மட்டும் இங்க விட்டுட்டு ஒதுங்கியிருக்கா."

மீனம்மா தான் நின்ற செடியையும் பொந்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நாலு செடி," என்றார். "இன்னும் நாலு செடி எடுத்திருந்தா, நான்தான் முதல்ல கையை வச்சிருப்பேன்."

மிஸ் குட்டியை எடுத்துப் பொந்துக்குள், அழுந்திய புல்லின் மேல் வைத்தார். அது முகர்ந்து பார்த்தது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அங்கேயே சுருண்டது. ஜெயந்தினிக்கு ஒரே ஒரு தரம் அதன் தலையைத் தடவ வேண்டும் போல இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கெமரா கட்ட மாட்டீங்களா மிஸ்? அதோட அம்மா வர்றாங்களான்னு பாக்கலாமே?"

"புது சாமான் பக்கத்துல இருந்தா பயந்து வராமப் போயிருவா. கெமரா வேணாம். போவோம், சத்தம் போடாம."

அன்று மாலை மிஸ் ரோட்டு வளைவில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் ஒருவரும் மேலே போகாமல் பார்த்துக்கொண்டார். இருட்டி, அதிகாரியின் ஜீப் வந்த பிறகுதான் இறங்கினார்.

ஏழு மணியளவில் மலையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. வாளால் மரம் அறுப்பது போல, விட்டு விட்டு நாலைந்து முறை. லயம் முழுக்கக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"புலிடீ!" என்று சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து வீரம்மா அத்தை கத்தினார். "பிள்ளைங்களை வெளிய விடாத மீனம்மா!"

மீனம்மா அரிசிப் பீப்பாயைக் கதவுக்கு உருட்டினார். ஜெயந்தினி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அது குட்டியைக் கண்டுபிடித்துவிட்டுக் கத்துகிறதா? காணாமல் கத்துகிறதா? அதற்குப் பிறகு மலை சத்தமே போடவில்லை. படுத்த பிறகும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் அம்மாவும் புரண்டு புரண்டு படுப்பது கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மலையில் வேலை இல்லை. எட்டு மணிக்கு மிஸ்ஸும் மீனம்மாவும் ஜெயந்தினியும் போனார்கள். மிஸ் முதலில் ரோட்டில் நின்று தூரக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார். பிறகு கையைக் காட்டினார்.

பொந்து வெறுமையாக இருந்தது.

ஜெயந்தினி எதிர்பார்த்தது அதைத்தான். ஆனாலும் பார்த்ததும் சந்தேகம் வந்தது. வெறுமை என்றால் தாய் வந்தது என்றுதானா அர்த்தம்? நாய் வந்திருக்கலாம். காட்டுப் பன்றி வந்திருக்கலாம். மிஸ் புல்லை விலக்கி விலக்கித் தேடிக்கொண்டிருந்தார். எதைத் தேடுகிறார் என்று ஜெயந்தினி கேட்கவில்லை. இரத்தம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்.

இரவு தூறியிருந்ததால் கானில் மெல்லிய சேறு படிந்திருந்தது. ஜெயந்தினி அதன் பக்கத்தில் குந்தினாள். மேலே இருந்து வந்த தடம் ஒன்று. நான்கு விரல், ஒரு மெத்தை. விரலை நீட்டித் தொடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நகம் இல்ல மிஸ். நாய் இல்ல."

"சரி. அப்புறம்?"

பொந்து வாசலில் இன்னொரு தடம் இருந்தது. பத்து ரூபாய் நாணயக் குற்றி அளவுதான் இருக்கும். குட்டியின் தடம். தத்தித் தத்தி வெளியே வந்திருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... ஏழு அடி. ஏழாவது அடி கானின் நடுவில் இருந்தது. எட்டாவது அடி இல்லை.

இந்தப் பக்கம் பார்த்தாள், இல்லை. அந்தப் பக்கம் பார்த்தாள், இல்லை. சேறு வழவழவென்று கிடந்தது. அந்த ஏழாவது அடிக்கு நேர் முன்னால், இரண்டு பெரிய தடங்கள் பக்கம் பக்கமாக அழுந்தியிருந்தன. அங்கிருந்து பெரிய தடம் மட்டும் மலைமேல் திரும்பிப் போயிருந்தது.

ஜெயந்தினி எழுந்து நின்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"மிளகு நடந்து போகல மிஸ்! அவங்க அம்மா வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க!"

மிஸ் வந்து பார்த்தார். எட்டாவது அடி இல்லாத அந்த இடத்தை இரண்டு முறை பார்த்தார். பிறகு குறிப்புப் புத்தகத்தை எடுத்தவர், எழுதாமல், முகத்தைத் திருப்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

மீனம்மாவும் குனிந்து, மலைமேல் போன அந்தத் தடங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, வா, வீட்டுக்குப் போவோம்," என்று ஜெயந்தினியின் கையைப் பிடித்தார். 'நான் என்ன சின்னப் பிள்ளையா?' என்று வழக்கமாகக் கையை உதறும் ஜெயந்தினி, அன்று லயம் வரைக்கும் அதை விடவே இல்லை.